எழுத்துக்கு நிறம் உண்டோ?

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், ஊவா மலைப்பகுதியிலுள்ள சிறு பாடசாலை ஒன்றில் யாம் இரண்டாந் தரத்து மாணாக்கர்க்கு எழுத்துக் கற்பித்துக்கொண்டிருந்தோம். உயிரெழுத்துப் பன்னிரண்டையும் பெரிய அட்டை ஒன்றில் வண்ண மையால் எழுதிச் சுவரில் தொங்கவிட்டிருந்தோம். பார்வைக்கு அழகாயிருக்கும் என்றே நிறத்தை மாற்றி மாற்றி எழுதினோம். வேறு நோக்கம் எமக்கு இருந்ததில்லை. ஒரு நாட் காலை, ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயமொன்றிலிருந்து வரும் சிறுவன் ஒருவன் எழுந்து நின்றான். "சேர், அந்த 'எ' பிழை. அது பச்சை. நீங்க சிவப்புல எழுதியிருக்கீங்க" என்றான்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. யாமும் சிரித்தோம். வேடிக்கையை நீட்டிக்கும் எண்ணத்துடன், "அப்படியானால் 'ஊ' என்ன நிறம்?" என்று வினவினோம். அவன் சற்றும் தயங்காமல், "கறுப்பு சேர். மழையில நனைஞ்ச றோட்டு மாதிரிக் கறுப்பு" என்றான். கண்ணை ஒரு வைத்தியரிடம் காட்டும்படி கூறி அவனை உட்காரச் செய்தோம். அன்று தொட்டு அவனுக்குப் 'பச்சை எ' என்பதே பெயராயிற்று. பின் வாங்கிற்குச் சென்றமர்ந்த அச்சிறுவன், எழுத்தின் நிறம் பற்றி எம் காதுபட மீண்டும் ஒரு சொல்லும் கூறவில்லை.

இம்மலரின் ஆசிரியர் எம்மிடம் கட்டுரை கேட்டபொழுது, சங்க இலக்கியம் பற்றியோ சிலம்பு பற்றியோ யாம் எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருப்பார். தமிழாசிரியர் மூளையைப் பற்றி எழுதுவானேன் என்று பழைய மாணவருள் மருத்துவராயினார் சிலர் நகைக்கவும் கூடும். ஆயினும் எழுத்தைப் பற்றிய செய்தி எதுவாயினும் எமது எல்லைக்கு உட்பட்டதே என்னும் துணிவால் எழுதப் புகுந்தோம். அச்சிறுவன் கூறியது உண்மை என்பதையும், அதனை உண்மையென நிறுவிய ஆராய்ச்சியாளருள் தலையாய ஒருவர் தமிழரே என்பதையும் யாம் அறிந்தது மிகப் பிந்தித்தான்.

ஒரு புலனுக்குரிய தூண்டுதல் வந்த மாத்திரத்தே வேறொரு புலனுக்குரிய உணர்வும் தானே எழுகின்ற இயல்பு சிலரிடம் உண்டு. இதனை மேனாட்டார் 'சினெஸ்தீசியா' என்பர். கிரேக்க மொழியில் 'கூடி உணர்தல்' என்பது அதன் பொருள். யாம் இக்கட்டுரையில் அதனைப் புலன்கலப்பு என்றே வழங்குவோம். சிலர்க்கு எழுத்தும் எண்ணும் நிறத்தோடு தோன்றும்; சிலர்க்கு இசையைக் கேட்குங்கால் வண்ணங்கள் விரியும்; மிகச் சிலர்க்குச் சொல்லைக் கேட்டவுடன் நாவிலே சுவை ஊறும். ஆண்டின் மாதங்கள் தம் உடலைச் சுற்றி ஒரு வளையம்போல் நிற்பதாகக் காண்போரும் உளர். கறுப்பு மையில் அச்சிட்ட எழுத்து இவர்க்குக் கறுப்பாகத் தோன்றாதோ எனின், தோன்றும். கறுப்பு எனக் கண்டுகொண்டே, கூடவே பச்சையையும் உணர்வர். பெரும்பாலார்க்கு அந்நிறம் அகக் கண்ணிலும், சிலர்க்குத் தாளின் மேலேயும் தோன்றும். இவ்வுணர்வு பெரும்பாலும் நினைவு தெரிந்த நாள் முதலே உள்ளது, விரும்பி வரவழைப்பதன்று, வேண்டா என்றாலும் போவதன்று. இதனை நோயென மருத்துவர் கொள்வதில்லை. உடையவர் பலர், உலகத்தார் அனைவர்க்கும் இவ்வாறே தோன்றும் என்றெண்ணி, ஒருவருக்கும் கூறாமலே வாழ்ந்துவிடுகின்றனர்.

இதனைப் பற்றிய பழைய குறிப்பு 1812ஆம் ஆண்டிற்குரியது. கியோர்க் சாக்ஸ் என்னும் மருத்துவ மாணவர், தம் பட்டத்திற்கெழுதிய ஆய்வேட்டில், எழுத்துகளும் எண்களும் தமக்கு நிறத்தோடு தோன்றுவதைக் குறித்து வைத்தார். 1880இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் கோல்ற்றன், எண்களை உருவோடும் நிறத்தோடும் காண்போர் பலரை வினவித் தொகுத்து, இவ்வியல்பு குடும்ப வழியாகத் தொடர்வதையும் கண்டார். ஒரே குடும்பத்தார் இருவர் நிறத்திலே ஒத்துப்போவது அரிது என்பதும் இத்துறையிலே நெடுங்காலமாக அறிந்த செய்தி. தாய்க்கு நீலமாகத் தோன்றும் எழுத்து மகனுக்கு மஞ்சளாயிருக்கும். வழிவழி வருவது நிறம் காணும் இயல்பேயன்றி, இன்ன எழுத்துக்கு இன்ன நிறம் என்னும் பட்டியல் அன்று.

அதன்பின் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இவ்வாராய்ச்சி உறங்கிக் கிடந்தது. உள்ளத்தில் நிகழ்வது பற்றி ஒருவன் தன் வாயாற் கூறுவது விஞ்ஞானத்திற்குச் சான்றாகாது என்னும் கொள்கை அக்காலத்து உளவியலாரிடையே ஓங்கியிருந்தமையே காரணம். எழுத்து பச்சையாயிருக்கிறது என்று ஒருவர் கூறினால், அவர் பொய் கூறுகின்றார், அல்லது சிறு வயதிற் பார்த்த படப் புத்தகத்தை நினைந்து கூறுகின்றார், அல்லது கவிஞரைப்போல் உவமையாற் பேசுகின்றார் என்று ஒதுக்கினர். எம் வகுப்பறையில் யாம் செய்ததும் அதுவே. கற்றோரும் அவ்வாறே செய்தனர் என்பது எமக்குச் சிறிது ஆறுதல் தருகிறது, பெரிதும் அன்று.

மெய்யோ பொய்யோ என்று அறியும் வழி எளிமையானது. ஒருவரிடம் எழுத்துகள், கிழமைகள், பெயர்கள் எனப் பலவற்றிற்கும் நிறம் கேட்டு எழுதிக்கொள்வது. நெடுநாள் கழித்து, முன்னறிவிப்பின்றி மீண்டும் கேட்பது. சைமன் பரன்-கோகென் என்பாரும் அவருடன் உழைத்தாரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், புலன்கலப்புடையோர் ஓராண்டு கழித்தும் நூற்றுக்கு 92 அளவிற்கு முன்னைய விடையையே கூறினர். அவ்வியல்பில்லாதோரிடம் ஒரு வாரம் கழித்தே கேட்டும் நூற்றுக்கு 37 அளவே பொருந்திற்று. நினைவாற்றலால் மட்டும் இவ்வேறுபாடு விளையாது.

இனி, யாம் மேலே குறித்த தமிழரைப் பற்றிக் கூறுவோம். விளையனூர் சுப்பிரமணியன் இராமச்சந்திரன் என்னும் அவ்வறிஞர் 1951இல் தமிழ்நாட்டிற் பிறந்தவர். இந்திய அரசியலமைப்பை வரைந்தவருள் ஒருவராகிய அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பெயரர். சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியிற் கற்று, கேம்பிரிஜிலே கலாநிதிப் பட்டம் பெற்று, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டியேகோ வளாகத்திலே பேராசிரியரானார். கையிழந்தவர்க்கு இல்லாத கையில் எழும் நோவை, விலை மிகுந்த கருவி எதுவுமின்றி ஒரு முகக்கண்ணாடியைக் கொண்டே தணிக்க முயன்றவர் என்று உலகம் அவரை நன்கறியும். எளிய பொருளைக் கொண்டு அரிய வினாவை விடுவிக்கும் அவர் கைத்திறன் புலன்கலப்பு ஆராய்ச்சியிலும் விளங்கிற்று.

2001இல் அவரும் அவர் மாணவர் எட்வேட் ஹபாட்டும் செய்த சோதனை இது. ஒரு தாளில் 5 என்னும் எண் கறுப்பாகப் பலமுறை சிதறியிருக்கும். அவற்றினிடையே 2 என்னும் எண் சில, ஒரு முக்கோணம் அமையும்படி மறைந்திருக்கும். இரண்டும் நேர்க்கோட்டு வடிவில், ஒன்றன் கண்ணாடி நிழல்போல் மற்றொன்று தோன்ற எழுதப்பட்டவை. நம்போலியர் ஒவ்வோர் எண்ணாகத் தேடித்தான் முக்கோணத்தைக் காண இயலும். 5 பச்சையாகவும் 2 சிவப்பாகவும் தோன்றும் ஒருவர்க்கோ, பச்சைப் புல்லின் நடுவே சிவந்த பூப்போல அது விரைவிற் புலப்படுகிறது. பொய் கூறுவார்க்கு இவ்விரைவு வருமோ? பிற்காலத்தார் மிகுதியானோரைக் கொண்டு இதனைச் செய்து பார்த்தபொழுது, புலன்கலப்புடையோர் ஏனையோரை விஞ்சினரேனும், மெய்யான வண்ண மையில் எழுதியதைக் காண்பதுபோல் அத்துணை எளிதாகக் காணவில்லை என்பது தெரியவந்தது. ஆயினும், இது வெறும் பேச்சன்று, காட்சியோடு தொடர்புடைய ஒன்று என்று கொள்வதற்கு அச்சோதனை வழி திறந்தது.

இது மூளையில் எவ்வாறு நிகழ்கிறது? மூளையின் அடிப்புறத்திலே நூற்கதிர் போன்ற வடிவுடைய மடிப்பு ஒன்றுண்டு. எழுத்தையும் எண்ணையும் இன்னதென இனங்காணும் பகுதியும், நிறத்தை உணரும் பகுதியும் அம்மடிப்பிலே அயலயலாக அமைந்துள்ளன. லயத்திலே ஒரு காம்பிராவுக்கும் அடுத்த காம்பிராவுக்கும் இடையே ஒற்றைச் சுவரே இருப்பதுபோல் என்று கொள்க. இப்புறத்துப் பேச்சு அப்புறம் கேட்பது இயல்பன்றோ? எழுத்துப் பகுதியின் நரம்புக் கலங்கள் கிளர்ச்சியுறும்போது அயலிலுள்ள நிறப் பகுதியும் உடன் கிளர்வதே புலன்கலப்பு என இராமச்சந்திரனும் ஹபாட்டும் கருதினர். குழந்தை பிறக்கும்பொழுது மூளையின் பகுதிகளிடையே மிகையான இணைப்புகள் உள்ளன. வளர வளர அவற்றுட் பல கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடிபோல் கழிக்கப்படுகின்றன. அவ்வாறு கழியாது எஞ்சியவையே இவரிடம் நிறமாகத் தோன்றுகின்றன என்பது அவர் கூற்றின் சாரம்.

வேறு சிலர் அவ்வாறு கருதார். இணைப்புகள் எல்லார்க்கும் உள. நம்மிடம் அவை அடக்கப்பட்டுள்ளன, இவரிடம் அவ்வடக்கு தளர்ந்துள்ளது என்பர் அவர். 2002இல் இலண்டனிற் செய்த ஆய்வொன்றில், சொல்லைக் கேட்டால் நிறம் காண்போரின் மூளையைக் காந்தப் பரிவு முறையாற் படமாக்கியபொழுது, கண்ணால் எந்நிறத்தையும் காணாதிருக்கவும் நிறப் பகுதி செயற்பட்டது. அதே வகையான ஆய்வைப் பின்னர்ச் செய்த சிலர் அவ்வாறு காணவில்லை. 2018இல் மூன்று குடும்பங்களின் பரம்பரை அலகுகளை ஆராய்ந்தோர், நரம்புக் கலங்களின் நீண்ட கிளைகள் வளர்வதோடு தொடர்புடைய அலகுகளில் வேறுபாடுகள் கண்டனர். எனவே வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. எமக்கு இராமச்சந்திரனார் பக்கமே மனம் சாய்கிறது. அது அவர் தமிழர் என்பதாலோ, ஒற்றைச் சுவர் எமக்குப் பழகியது என்பதாலோ, யாம் அறியோம்.

இயல்பு பிறப்போடு வருவதாயினும், இன்ன எழுத்துக்கு இன்ன நிறம் என்பது எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் 1970களிலும் 1980களிலும் பிள்ளைகள் விளையாடிய காந்த எழுத்துத் தொகுதி ஒன்றுண்டு. குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டக்கூடியது. 2015இல் வெளிவந்த ஆய்வொன்றில், எழுத்தை நிறத்தோடு காணும் அமெரிக்கர் 6,588 பேரின் நிறப் பட்டியல்களை ஒப்பிட்டனர். நூற்றுக்கு 6 பேரின் நிறங்கள் அவ்விளையாட்டுப் பொருளின் நிறங்களோடு பெரிதும் பொருந்தின. அத்தொகுதி விற்பனைக்கு வந்ததையடுத்த சில ஆண்டுகளிற் பிறந்தோரிடையே அவ்வளவு நூற்றுக்கு 15 வரை உயர்ந்திருந்தது. எழுத்துக் கற்பிக்கும் நம்மனோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். நாம் சுவரில் தொங்கவிடும் அட்டை ஒரு சிலரின் மூளையில் வாழ்நாள் முழுவதும் தொங்கக்கூடும். ஏனையோரின் நிறங்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு இவ்விளக்கம் போதாது. எம் சிறுவனின் 'எ' எமது அட்டையைப் பொருட்படுத்தவே இல்லை அன்றோ!

எத்துணைப் பேரிடம் இவ்வியல்பு உண்டு? 2006இல் ஸ்கொத்லாந்தில் எடின்பரோ, கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர் 500 பேரை ஜூலியா சிம்னர் என்பாரும் குழுவினரும் சோதித்தனர். தாமே முன்வந்து கூறியோரை மட்டும் எண்ணாமல் அனைவரையும் சோதித்தமையே இவ்வாய்வின் சிறப்பு. நூற்றுக்கு நால்வர்க்குச் சற்று மிகுதியாக ஏதோ ஒருவகைப் புலன்கலப்பு இருந்தது. கிழமைகளை நிறத்தோடு காண்பதே மிகுதியாயிருந்தது. எழுத்தை நிறத்தோடு காண்போர் நூற்றுக்கு ஒருவர் அளவினர். ஸ்கொத்லாந்தின் கணக்கு ஊவாவிற்கும் பொருந்தும் என்று அடித்துக் கூற இயலாது. பொருந்துமாயின், ஐந்நூறு பிள்ளைகள் பயிலும் பாடசாலையில் இருபதின்மர் இத்தகையர். இருபது ஆண்டு ஆசிரியத் தொழிலில் எத்தனை பேர் எம் முன் வாய் திறவாது அமர்ந்திருந்தனரோ!

இதுகாறும் கூறியது ஒரு சிலர் பற்றியதே. புலன்கள் கலப்பது அவர்க்கு மட்டும் உரியதெனின், அதுவும் அன்று. பதுளைப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலே தேநீர் சுவைத்துத் தரம் பார்ப்பதை யாம் ஒருமுறை கண்டோம். வெண்பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். சுவைப்பவர் கரண்டியால் மொண்டு, மரியாதையுள்ள வீடுகளிற் பிள்ளைகளை அடிக்கத் தக்க ஓசையோடு உறிஞ்சி, உடனே உமிழ்ந்துவிடுகிறார். அவ்வோசை வீணன்று. உறிஞ்சும் வேகத்தில் தேநீர் நுண்டுளியாகச் சிதறி, அதன் ஆவி தொண்டையின் பின்வழியாக மூக்கிற்கு ஏறுகிறது. நாம் சுவை என்று கூறுவதிற் பெரும்பங்கு மூக்கின் தொழிலே. மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்துப் பாருங்கள். ஊவாத் தேநீருக்கும் வேறெந்தத் தேநீருக்கும் வேற்றுமை காண்பது அரிதாகிவிடும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வரண்ட காற்று வீசுங்காலத்து ஊவாத் தேயிலையில் ஒரு தனி மணம் உண்டென்பதை வணிகர் அறிவர். மூட்டு நோவுக்குப் பூசும் தைலங்களில் மணக்கும் மெதயில் சலிசிலேற்று என்னும் பொருளும் அம்மணத்திற்கு ஒரு காரணமாகும். மூக்கால் அறிந்த அதனை நாக்கால் அறிந்ததாகவே நாம் உணர்கிறோம். மூளை இரண்டையும் கலந்தே நமக்குத் தருகிறது.

நம் முன்னோர் சுவை ஆறு என்றனர். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு என்னும் நான்கையும் மேனாட்டாரும் நாவின் சுவையாகக் கொள்வர். கார்ப்போ எனின், வெப்பத்தையும் நோவையும் அறியும் நரம்பின் வழி வருவது. மிளகாயின் காரப்பொருளும் சுடுநீரும் ஒரே வாயிலையே தட்டுகின்றன என்பது 1997இல் தெளிவாயிற்று. அதனைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நொபெல் பரிசிற் பங்கு பெற்றார். துவர்ப்பு பெரும்பாலும் பரிச உணர்வே. தேநீரின் துவர்ப்புப் பொருள் உமிழ்நீரின் புரதத்தைப் பற்றிக்கொள்ள, வாயின் வழுவழுப்புக் குன்றுகிறது. எனவே நம் அறுசுவைப் பட்டியல் நாவும் மெய்யும் கலந்த பட்டியல். இதனைப் பிழையென்று கூற எமக்கு மனம் வரவில்லை. உண்பவன் உணர்வதை உணர்ந்தவாறே எண்ணியிருக்கின்றனர்.

கண்ணும் சுவையிலே கைவைக்கும். 2001இல் வெளிவந்த பிரான்சு நாட்டு ஆய்வொன்றில், பொர்தோ நகரில் மதுவியல் கற்கும் மாணவர் 54 பேருக்கு, மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கிய வெண்மதுவைக் கொடுத்தனர். மணத்தை வருணிக்கும்படி கேட்க, செம்மதுவுக்கு வழங்கும் சொற்களையே அவர்கள் எழுதினர். மூக்கு ஒன்றை அறிய, கண் வேறொன்றைக் கூற, கண்ணே வென்றது. காதும் அவ்வாறே ஏமாறும். 1976இல் மக்கேர்க், மக்டொனல்ட் என்னும் இருவர் காட்டிய செய்தி வியப்பானது. 'பா' என்னும் ஒலியைக் கேட்கச் செய்து, அதே வேளையில் 'கா' என்று உதடசைக்கும் முகத்தைத் திரையில் காட்டினால், கேட்பவர் பலர்க்கு இரண்டுமல்லாத 'டா' என்பதே கேட்கிறது. கண்ணை மூடினால் 'பா' திரும்பிவிடும். தகரக் கூரையின் மேல் மழை கொட்டும்போது சொல்வதெழுதல் நடத்திய ஆசிரியர் எவரும் இதனை ஒருவாறு அறிவர். பிள்ளைகள் எழுதுகோலை நிறுத்திவிட்டு நம் வாயையே நோக்குவார்கள்.

இனி எமது சொந்த நிலத்திற்கு வருவோம். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தபோது, உற்றறிதல், சுவைத்தல், மோத்தல், காண்டல், கேட்டல் என ஒவ்வொன்றாக ஏற்றி, ஆறாவதாக மனத்தை வைத்தார். தனித்தனி எண்ணப்பட்ட இப்புலன்கள் சொல்லிலே கலந்தே கிடக்கின்றன. மெய்யெழுத்துகளை வல்லினம், மெல்லினம், இடையினம் என்கிறோம். வன்மையும் மென்மையும் தொட்டறிவன. ஒலியை யார் தொட்டுப் பார்த்தார்? இன்சொல் என்கிறோம், சுடுசொல் என்கிறோம். இவற்றை உருவகம் என்று ஒதுக்கலாம். இன்சொல் கேட்டவனுக்கு நாவில் இனிப்பு ஊறுவதில்லையாதலின், புலன்கலப்பு வேறு, உருவகம் வேறு என்பதே எம் கருத்துமாகும். இரண்டிற்கும் மூளையில் வேர் ஒன்றாயிருக்கலாம் என இராமச்சந்திரனார் கருதுகின்றார். அழகிய ஊகம், ஆயினும் ஊகமே.

ஆனால் இரட்டைக் கிளவியை அவ்வாறு எளிதில் ஒதுக்க இயலாது. சலசல, கடகட என்பன ஓசையைக் குறிப்பன. ஓசையால் ஓசையைக் குறித்தல் வியப்பன்று. பளபள என்பது ஒளி. வழவழ, சொரசொர என்பன தொடுவுணர்வு. கமகம என்பது மணம். ஒளியும் மணமும் ஓசை எழுப்புவதில்லை. இருந்தும் அவற்றிற்கு ஓசை கொடுத்திருக்கிறோம். வழவழ என்பதையும் சொரசொர என்பதையும் பொருளறியாத பிறமொழியாளன் முன் கூறி, எது மெழுகிய நிலம், எது பலாப்பழத் தோல் என்று கேட்டால் என் கூறுவான்? தமிழில் இச்சோதனையைச் செய்தாரை யாம் கேள்விப்படவில்லை. ஜப்பானியம், கொரியம் முதலிய ஐந்து மொழிகளின் இத்தகைய சொற்களை அம்மொழி அறியாத ஒல்லாந்தர்க்குக் கூறி 2016இல் சோதித்தனர். குருட்டூகத்தை விஞ்சும் அளவிற்குச் சரியாகக் கூறினர். மிகவும் விஞ்சினர் என்பதற்கில்லை.

ஒலிக்கும் வடிவுக்கும் உள்ள உறவு பற்றியதே இத்துறையிற் புகழ்பெற்ற சோதனை. ஜேர்மனிய உளவியலாளர் வொல்வ்காங் கோலர் 1929இல் தம் நூலிலே வளைந்த உருவம் ஒன்றையும் கூரிய உருவம் ஒன்றையும் காட்டி, பொருளற்ற இரு பெயர்களில் எது எதற்குப் பொருந்தும் என்று கேட்டார். இராமச்சந்திரனும் ஹபாட்டும் 2001இல் அதனைப் 'பூபா', 'கிக்கி' என்னும் பெயர்களால் புதுப்பித்து, அமெரிக்க மாணவரிடமும் இந்தியாவிலுள்ள தமிழரிடமும் வினவினர். நூற்றுக்கு 95க்கு மேற்பட்டோர் வளைந்ததைப் பூபா என்றும் கூரியதைக் கிக்கி என்றும் கூறினர் என்பது அவர் முடிபு. ஆங்கில எழுத்தின் வடிவமே காரணம் என்று மறுத்தார் சிலர். ஆங்கிலத்திற் பகரத்திற்கு நேரான எழுத்து உருண்டது. ககரத்திற்கு நேரானது கூரியது. அம்மறுப்பைத் தமிழ் நெடுங்கணக்கின் முன் நிறுத்திப் பாருங்கள். நம் பகரமே பெட்டிபோல் மூலையுடையது. 'கி' யோ வளைந்து சுழிந்தது. வடிவத்தைப் பார்த்துக் கூறுவதாயின் தமிழர் தலைகீழாகவன்றோ கூறியிருத்தல் வேண்டும்?

எழுத்தே இல்லாத மொழியினரான நமீபியா நாட்டு ஹிம்பா மக்களும் ஒலியையும் வடிவையும் ஏனையோர்போலவே இணைத்தனர் என்று 2013இல் அறியப்பட்டது. சுவையையும் வடிவையும் இணைப்பதில் அவர் மேனாட்டாரோடு ஒத்துப்போகவில்லை. ஆகவே சிலவற்றை மூளை தருகிறது, சிலவற்றை ஊர் கற்பிக்கிறது. 2022இல் வெளிவந்த பேராய்வொன்று 25 மொழிகள் பேசும் 917 பேரைச் சோதித்து, நூற்றுக்கு 72 அளவிலேயே பொருத்தம் கண்டது. 95 என்னும் கணக்கு சற்று மிகையே போலும். எனினும் 72 என்பது தற்செயலாக வரும் எண் அன்று.

எட்வேட் சபீர் என்னும் அமெரிக்க மொழியறிஞர் இகர ஒலி சிறியதையும் அகர ஒலி பெரியதையும் நினைவூட்டுவதாக 1929இலேயே சோதித்துக் காட்டினார். நம் சுட்டெழுத்தும் இகரம் அண்மைக்கும், அகரம் சேய்மைக்கும், உகரம் இடைப்பட்டதற்கும் நிற்பதை மாணாக்கர் நினைக்க. இவ்வுகரச் சுட்டு யாழ்ப்பாணத்தாரின் பேச்சில் 'உது', 'உவன்' என இன்றும் உயிரோடிருக்க, மலையகத்துப் பேச்சில் வழக்கிழந்தது. இதனைப் பெரிதும் நம்பி ஆராய்ச்சி எழுதத் தொடங்கும் இளைஞர், இமயத்தின் பெயர் இகரத்தில் தொடங்குவதையும் மறவாதிருப்பாராக.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு அடுத்த நாள், எம் பழைய மாணாக்கன் கொழும்பிலிருந்து விடுமுறையில் வந்திருப்பதாகக் கேள்வியுற்று, ஸ்பிரிங்வெளியில் அவன் லயத்திற்குச் சென்றோம். இருபத்திரண்டு வயது இளைஞனாகி, கடையொன்றிற் கணக்கெழுதுகின்றான். தாயார் இன்னும் கொழுந்தெடுக்கச் செல்கின்றார். நலம் விசாரித்த பின், "தம்பி, 'ஊ' என்ன நிறம்?" என்று கேட்டோம். அவன் எம் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தான். மீண்டும் சிரிக்கப்போகின்றோமோ என்று பார்த்தான் போலும். பிறகு, "கறுப்பு சேர். நனைஞ்ச றோட்டு" என்றான். 'எ' பச்சைதான், சந்தேகமில்லை என்றான். கொழும்பிற் கணக்கெழுதும்போது தொகை பிழைத்தால், நிறம் பிசகித் தெரிவதாகவும் கூறினான். அன்று யாம் சிரித்தது பிழை என்று அவனிடம் கூறினோம். "அதெல்லாம் சின்ன வயசுல சேர்" என்று வேறு பக்கம் பார்த்தான்.

தேநீர் கொண்டுவந்த தாயார் இதனைக் கேட்டுக்கொண்டிருந்தார். "எழுத்தப் பத்தி எனக்குத் தெரியாதுங்க சேர், நான் படிக்கல. ஆனா கிழமைக்கு நிறம் இருக்குத்தானே? எல்லாருக்கும் அப்படித்தானேங்க?" என்றார். எமக்கு இல்லையே என்றோம். அவர் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை மஞ்சள் என்றார், ஞாயிறு வெள்ளை, செவ்வாய் அடுப்புச் சாம்பல் நிறம். செவ்வாய் என்னும் பெயரிலேயே செம்மை இருக்கிறதே என்று யாம் இலக்கணம் கூறப் புகுமுன், மகன் நிமிர்ந்து, "செவ்வா சாம்பலா? என்னம்மா சொல்றீங்க, அது நீலமில்லையா?" என்றான். "நீலம் புதன்டா" என்றார் தாயார். இருபத்திரண்டு ஆண்டு ஒரே காம்பிராவில் வாழ்ந்த இருவரும் இதனை ஒருவரோடொருவர் பேசியது அன்றுதான் முதன்முறை. வழக்குப் புதனிலிருந்து வியாழனுக்குச் சென்றது. யாம் தேநீரைக் கையில் வைத்தவாறு கேட்டுக்கொண்டிருந்தோம்.